எல்லை எலுமிச்சம்பழம்

எங்கள் நடைக்குழுவில் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில் நடப்போம். முழுச்சுற்று நடக்க வேண்டும் என்பது விதி. பாதிச் சுற்றில் ஒரு டாம்பவ் கடை இருந்தது. கோழி வைத்த அந்த நெய்ச்சோறு அங்கே நன்றாக இருக்கும். அதனால் மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழு தொடங்கிய பிறகு தலைவரின் இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை கூடியிருக்கிறது.

தலைவர் ரங்கூன் பசுந்தாங்கில் பேட்டரிக்கடை வைத்திருக்கிறார். ஊரில் கரண்டு போகும்போதெல்லாம் ஜனங்கள் படும் பாட்டை நினைத்து வருந்துவதாகச் சொல்வார். அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னதால்தான் குழு உண்டாயிற்று. இரண்டாவது ஆள் ரிட்டையரான கிளார்க். மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர். எதைச் செய்தாலும் முதலில் அதற்கு ஒரு பட்டியல் எழுதுவார். மூன்றாவது ஆள் மைக்செட்காரர், எங்களில் இளையவர். எங்கள் அம்மன் கோயிலிலிருந்து ஊரில் நடக்கும் எல்லாக் காதுகுத்து வரைக்கும் அவர் ஒலிபெருக்கிதான். காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். நான் தார்ப்பாய் தைக்கிறவன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முடியாது என்று சொல்ல அதைவிட வராது.

ஒரு நாள் டீக்கடையில் தலைவர் போனை நீட்டினார். அதில் அமெரிக்காவில் ஒரு சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கு. ஆணும் பெண்ணுமாக முதுகில் பை மாட்டிக்கொண்டு பாலைவனத்தில் ஏறி இறங்கிக் கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா. இதுதான் நடை. நாம நடக்கிறது நடையா?"

"அமெரிக்காவுக்கு எங்கண்ணே போறது" என்றார் மைக்செட்காரர். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்குப் போகணும்? இங்கயே இருக்கு." தலைவர் விரலால் தள்ளினார். அடுத்த படத்தில் ஒரு பர்மிய இளைஞன் சிவப்புச் சுவர் ஒன்றின் முன் கைகளை விரித்து நின்றான். 'ரங்கூனின் சிவப்புப் பள்ளத்தாக்கு' என்று எழுதியிருந்தது. ஊருக்கு வடக்கே, மிங்கலாடோன் கோடியில் இருக்கிறதாம்.

எனக்கு அந்த இடம் தெரியும். என் சித்தப்பா அங்கே லாரிக்குக் கல் ஏற்றியவர். ரோடு போடுவதற்கு செம்புறாங்கல் வெட்டி வெட்டி உண்டான பள்ளம் அது. அப்போது அதன் பெயர் கல்லுக்குழி. வெட்ட ஏதும் இல்லாமல் போனதும் விட்டுவிட்டுப் போனார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிளார்க் பேனாவைத் திறந்து பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார். விசில், கயிறு, வரைபடம், திசைகாட்டி, பாம்புக்கடிக்கு வெங்காயம்.

பெட்ரோல் சுலபமாகக் கிடைக்காத நாட்கள் அவை. கிடைக்கும் ஞாயிறு போகலாம் என்று முடிவாயிற்று. கிடைத்த ஞாயிறு, நான் காப்புக் கட்டி ஆறாம் நாள்.

மூன்று வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு ஒரு நாள் காலையில் வலது கண் மங்கிப்போனது. அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருந்தவள், "எல்லாம் கல்லாத் தெரியுது" என்றாள். ஆபரேஷன் செய்த டாக்டர், பார்வை திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மனிடம் சொன்னேன், மூன்று வருஷம் தொடர்ந்து பூக்குழி இறங்குகிறேன் என்று. பார்வை திரும்பியது. இரண்டு வருஷம் இறங்கிவிட்டேன். இது மூன்றாவது. நடுவில் ஒரு வருஷம் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதையும்விட, தவறினால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் பயம்.

காப்புக் கட்டினவனுக்குச் சட்டங்கள் உண்டு. மஞ்சள் கயிறு கையில் ஏறிய நாளிலிருந்து கவிச்சி கூடாது, செருப்புக் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, எல்லையைத் தாண்டக் கூடாது.

"எல்லைக்குள்ளதானா?" என்று கேட்டாள் மனைவி.

"மிங்கலாடோன்தான். நம்ம எல்லைதான்."

"நீங்க பேர் குடுத்தது என் கண்ணுக்கு. பேட்டரிக்கடைக்காரர் தொப்பைக்கு இல்ல. நெனப்புல வச்சுக்குங்க."

எங்கள் எல்லையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய காலத்தில் அது கிழக்கே பசுந்தாங் ஓடை, தெற்கே ஆறு, வடக்கே ரயில் பாதை. அதற்குள்தான் துறைமுகத்திலும் ரயிலிலும் முனிசிபாலிட்டியிலும் வேலை பார்த்த நம் ஆட்கள் இருந்தார்கள். திருவிழாவுக்கு முன் பூசாரி நாலு மூலையிலும் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்து எல்லை கட்டுவார். பிறகு கோயிலுக்குப் பெரிய உபயம் செய்யும் ஒருவர் மிங்கலாடோனில் வீடு கட்டிக்கொண்டு போனார். அவர் காப்புக் கட்ட வேண்டும். ஆனால் எல்லைக்கு வெளியே தூங்க வேண்டும். கமிட்டி கூடிப் பேசியது. அடுத்த வருஷம் வடக்கு எலுமிச்சம்பழம் அவர் வீட்டு கேட்டைத் தாண்டி, மிங்கலாடோன் முடியும் இடத்துக்குப் போனது. அம்மனுக்கு இதில் ஆட்சேபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை தலைவரின் டெலிவரி வண்டியில் கிளம்பினோம். தலைவர் காலில் மலையேறும் பூட்ஸ். ஜப்பானிலிருந்து மூட்டையாக வரும் பழைய சரக்கில் பொறுக்கியது. "ஜப்பான்காரன் ஒரு தடவைகூடப் போடல. சும்மா வச்சிருந்திருக்கான், பத்துப் பதினஞ்சு வருசமா" என்று பெருமையாகச் சொன்னார். கிளார்க் கழுத்தில் விசிலும் திசைகாட்டியும் தொங்கின. நான் வெறுங்காலோடு பின்னால் உட்கார்ந்தேன். மடியில் பொட்டலமாகப் பொரியும் வெல்லமும், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஊசியும் தார்ப்பாய் நூலும்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். காவலாளி முதலில் பையைத் திறந்தான். கயிறு வந்தது. வரைபடம் வந்தது. அவன் கிளார்க்கின் கழுத்தைப் பார்த்தான்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"நடக்க" என்றார் கிளார்க்.

"எங்கே?"

"ஒரு குழிக்குள்."

"குழிக்குள் போய்?"

"திரும்பி வருவோம்."

காவலாளி பையை இன்னும் துழாவினான். பிறகு வெங்காயத்தை எடுத்துக் காட்டி இது என்ன என்றான். பாம்புக்கு என்றார் கிளார்க். அவன் எங்கள் நால்வரையும் மறுபடியும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வயதானவர்கள் வெயிலில் அலையக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டான்.

பள்ளத்தாக்கின் வாசலில் ஒருவர் கூன்யா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பு இந்தக் கல்லுக்குழியில் வாட்ச்மேனாக இருந்தவராம். இப்போது படம் பிடிக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் விற்கிறார். நான் அவரிடம் மெதுவாகக் கேட்டேன், இது மிங்கலாடோன்தானே என்று.

"இந்தப் பக்கம் மிங்கலாடோன்" என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். துப்பியது விழுந்த திசையிலேயே கையை நீட்டி, "நடுவுல காஞ்ச ஓடை தெரியுதா? அதுக்கு அந்தப் பக்கம் லேகூ டவுன்ஷிப்" என்றார்.

ஓடை என்றால் ஒரே எட்டில் தாண்டுகிற வாய்க்கால். இந்தப் பக்கம் குட்டையும் குப்பையும் முட்செடியும். அந்தப் பக்கம்தான் போனில் பார்த்த சிவப்புச் சுவர். படிபடியாகக் கல் வெட்டி எடுத்த தடம் உயரமாக எழுந்து நின்றது. வெயிலில் உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. எங்கள் சித்தப்பாவுக்கு அது அழகு என்று யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, நான் இங்கயே இருக்கேன். ஓடையோட எல்லை முடியுது" என்றேன்.

"அட, இத்துணூண்டு ஓடை. யாபாடே" என்றார் தலைவர். பரவாயில்லை என்பதற்கு ரங்கூனில் அந்த ஒரு சொல்தான். கரண்டு இல்லாவிட்டாலும் அதுதான், வீடு இடிந்தாலும் அதுதான்.

"அண்ணே, மாமாவுக்கு மூணாவது வருசம். தாண்டக்கூடாது" என்று மைக்செட்காரர் சொல்ல, சுவரில் பட்டு அது மூன்று முறை திரும்பி வந்தது. அவருக்குத் திருவிழாச் சட்டங்கள் எல்லாம் மனப்பாடம். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்தது.

அவர்கள் மூவரும் தாண்டிப் போனார்கள். நான் இந்தக் கரையில் ஒரு கல்லின் நிழலில் உட்கார்ந்து அமெரிக்காவைப் பார்த்தேன். தலைவர் ஒவ்வொரு படியிலும் நின்று கைகளை விரித்தார். மைக்செட்காரர் கீழிருந்து படம் எடுத்தார். கிளார்க் திசைகாட்டியைப் பார்த்து, வடக்கு வடக்கில்தான் இருக்கிறது என்று உறுதி செய்தார்.

மூன்றாம் படியில், ஏறக்குறைய இரண்டு ஆள் உயரத்தில், தலைவர் கைகளை விரித்தபடியே அசையாமல் நின்றுவிட்டார். நல்ல படத்துக்காக என்று நினைத்தோம். பிறகு அவர் வலது காலைத் தூக்கினார். பூட்ஸ் வந்தது, அடிப்பாகம் வரவில்லை. அது பாறையிலேயே இருந்தது. இடது காலைத் தூக்கினார். அதுவும் அப்படியே. பதினைந்து வருஷம் சும்மா இருந்த பசை அன்றைக்கு வேலை பார்க்க மறுத்துவிட்டது.

"கல்லு சுடுதுப்பா" என்றார். பிறகு கீழே பார்த்தார். அதுதான் தப்பு. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார்.

கிளார்க் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் படித்தார். ஆபத்து நேர்ந்தால் மூன்று முறை விசில் என்று இருந்தது. மூன்று முறை ஊதினார். ஒரு நாய் வந்தது. பட்டியலில் அதற்கு மேல் ஏதும் இல்லை. அவருக்கு முழங்கால் வலி. மைக்செட்காரருக்குத் தலைச்சுற்றல் உண்டு. பந்தல் மேல் ஒலிபெருக்கி கட்டுவதற்கே ஆள் வைத்திருக்கிறார். அவர் படம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"மாப்ளே" என்று தலைவர் கூப்பிட்டார். என்னைத்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைக் குரல் அதில் இல்லை. "மாப்ளே, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. வேர்க்குது. காலைல சர்க்கரை ஊசி போட்டேன், சாப்பிடல."

படத்தில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

நான் கையைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு ஆறு நாளில் வியர்வை பட்டு வெளுத்திருந்தது. அரிசித் தட்டோடு என் மனைவி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஓடையைப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் இருந்திருந்தால் நீந்தத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

தாண்டினேன்.

ஏறுவது கஷ்டமாக இல்லை. ஆறு நாளாகத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்த கால். வெல்லத்தை அவர் வாயில் போட்டேன். குழந்தை மாதிரிச் சப்பினார். அது இறங்கும்வரை பூட்ஸின் அடிப்பாகங்களை எடுத்துத் தார்ப்பாய் நூலால் காலோடு வைத்துக் கட்டினேன். லாரிக்குப் பாய் கட்டும் முடிச்சு, அவிழாது. பிறகு சுவரைப் பார்த்தபடி அவரை ஒவ்வொரு படியாக இறக்கினேன். முழு எடையும் என் தோளில். டாம்பவ் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கீழே வந்து தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில் தலைவர் மறுபடி தலைவரானார். "ஜப்பான்காரன் முன்ன மாதிரி இல்ல" என்றார். நான் ஓடையைத் திரும்பத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றேன். அதனால் ஏதாவது சரியாகும் என்று தோன்றியது.

"மாமா, நான் ஒண்ணும் பாக்கல" என்றார் மைக்செட்காரர், கையில் போனோடு.

வண்டி பசுந்தாங் வந்து சேருவதற்குள் தலைவர் ஒரு படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். அதில் அவர் கை என் தோளைச் சுற்றியிருந்தது. அவர் முகம் வெல்லத்தால் அமைதியாக இருந்தது. நான் பயந்து போய் விழி பிதுங்க நின்றேன். மேலே, 'ஆபத்தில் நண்பனைக் கைவிடாத தருணம்' என்று எழுதியிருந்தார். யார் யாரைக் கைவிடவில்லை என்று எழுதவில்லை. இடம் என்ற கட்டத்தில் விளையாட்டாக அமெரிக்கா என்று போட்டிருந்தார். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு நடுப்படத்தில் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி கூப்பிட்டு அனுப்பியது. கோயில் மண்டபத்தில் ஐந்து பேர், பூசாரி, ஓரமாக என் மனைவி. தலைவரும் வந்திருந்தார். பூக்குழியன்று கரண்டு இருக்காது, விளக்கு அத்தனையும் அவர் பேட்டரியில்தான் எரிய வேண்டும். போன் கைக்குக் கை போனது.

"காப்புக் கட்டிட்டு அமெரிக்கா போயிருக்கான்" என்றார் கமிட்டியில் மூத்தவர். "இவனுக்கு எவன் விசா குடுத்தான்?"

"அன்னைக்குச் சாயங்காலமே பூசைக்கு வந்தாரே" என்றார் இன்னொருவர்.

"அதான் எனக்கும் புரியல. பிளேன் நேராப் போனா எத்தனை மணி நேரம்?"

இப்படியே விட்டிருந்தால் அமெரிக்கா போகவில்லை என்ற உண்மையைச் சொல்லியே தப்பித்திருக்கலாம். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணால் அதைத்தான் சொன்னார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அமெரிக்கா இல்லிங்க. மிங்கலாடோன் கல்லுக்குழி" என்றேன். "ஆனா ஓடையத் தாண்டிட்டேன். அந்தப் பக்கம் லேகூ. தெரிஞ்சுதான் தாண்டினேன்."

என் குரல் எனக்கே பயங்கரமாகக் கேட்டது. தூணுக்குப் பக்கத்தில் மைக்செட்காரர் மைக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு மூடாமல் விட்டிருந்தார். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத நான், முதல் முறையாகத் தெரு முழுக்கப் பேசியிருக்கிறேன். வாசலில் பூக்கட்டுகிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுக்குத் தாண்டின?" என்றார் பூசாரி.

நான் தலைவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொன்னது மாதிரி ஆகிவிடும். அவர்தான் சொல்ல வேண்டும். அவர் தொண்டையைச் செருமினார். படத்துக்கு அதற்குள் எழுநூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"சட்டப்படி கயித்தை அவுக்கணும்" என்றார் பூசாரி. "மூணாவது வருசம் சேராது."

அப்போது தலைவர் எழுந்தார். "மொதல்ல நம்ம எல்லை எங்க இருக்குன்னு பாத்துட்டு அவுக்கலாமே" என்றார். "மிங்கலாடோனுக்கு நீட்டினோம். ஓடைக்கு அந்தப் பக்கமும் நம்ம ஆளுங்க குடியிருக்காங்க. அவங்க என்ன, அம்மனுக்கு வேண்டாதவங்களா? இல்ல, விளக்கு வேண்டாம்னா சொல்லிடுங்க, பேட்டரிய வேற எடத்துக்கு அனுப்புறேன்."

பிறகு மூத்தவர், லேகூவில் தன் மருமகன் கோழிப்பண்ணை வைத்திருப்பதை நினைவுகூர்ந்தார். இன்னொருவர், ஆதியிலேயே எல்லை அதுவரைக்கும் இருந்ததாகத் தன் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் எல்லாருடைய தகப்பனாரும் சொல்லியிருந்தார்கள். தீர்மானம் எழுதக் கமிட்டியில் கையெழுத்து நன்றாக உள்ளவர் யாரும் இல்லை. கிளார்க்குக்கு ஆள் போயிற்று. அவர் சிலுவைக் குறி போட்டுவிட்டு அம்மன் எல்லையை அழகாக எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். போன வெள்ளிக்கிழமையிலிருந்து என்றார்கள்.

மறுநாள் காலை பூசாரியைத் தலைவரின் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வழி காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பூசாரி ஓடையைத் தாண்டிப் போய் வேப்பிலை வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். நான் இந்தக் கரையில் நின்றேன்.

"இப்ப வா" என்றார்.

போனேன். அதே படியின் கீழே, தலைவரின் பூட்ஸிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு கிடந்தது. எலுமிச்சம்பழம் அதற்கு ஒரு முழம் தள்ளி, புதிய எல்லையில், வெயிலில் பளபளத்தது. வாட்ச்மேன் தூரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, இதுவும் ஒரு வகை நடைக்குழு என்று நினைத்திருப்பார்.

பூக்குழி இறங்கினேன். மைக்கில் என் பேரைச் சொல்லி, மூன்றாண்டு நேர்த்திக்கடனை நிறைவேற்றும் பக்தர் என்றார் மைக்செட்காரர். தலைவரின் பேட்டரியில் விளக்குகள் நன்றாக எரிந்தன. பால் குழியில் கால் வைத்ததும் என் மனைவி துண்டை நீட்டினாள். எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ஓடையைத் தாண்டின கால் எனக்குத் தெரியும். தாண்டும்போது அங்கே எலுமிச்சம்பழம் இல்லை. என் வரையில் இந்த வருஷம் சேராது. அம்மன் கமிட்டித் தீர்மானத்தைப் படித்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்.

காப்பு அவிழ்த்த மறுநாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். பேர் பதிகிறவர் நோட்டை விரித்து வைத்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தூணைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அடுத்த வருசத்துக்குத்தானே?" என்றார் அவர் தலை நிமிராமல்.

"ஆமாங்க. முதல் வருசம்னு போட்டுக்குங்க."

"போட்டாச்சு. காலைலயே உங்க வீட்டம்மா வந்து உங்க பேரக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."